மூன்று திசையில் ஓடும் குளுவாங் ஆறுகள்: அளப்பது யார், காப்பது யார்?

குளுவாங்: வறட்சி இல்லை. குழாய் உடைப்பும் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குளுவாங் மாவட்டத்தின் சிம்பாங் ரெங்கம் வட்டார மக்கள் 2017-ஆம் ஆண்டுக்கும் 2019-ஆம் ஆண்டுக்கும் இடையில் பலமுறை சந்தித்த நிலைமை இது. பெனுட் ஆற்றில் அம்மோனியா கூடிய போதெல்லாம் அந்த ஆற்றை நம்பியிருந்த நீர் சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டன. மக்கள் வாளிகளோடு தண்ணீர் லோரிக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது நாட்டில் ஆற்றைக் காக்கச் சட்டம் இருந்தது. கண்காணிக்கத் துறை இருந்தது. நீரின் தரத்தைச் சொல்லும் அளவுகோலும் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தது. பிறகும் ஏன் அப்படி நடந்தது? ஆற்று நீரை யார், எப்படி அளக்கிறார்கள்? அளந்த பிறகு காக்க வேண்டியது யார்? குளுவாங் வாசகர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கடல் இல்லாத மாவட்டம், மூன்று பக்கம் பாயும் நீர்

குளுவாங் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஜொகூரின் நடுவில், மேட்டு நிலத்தில் அமைந்துள்ள மாவட்டம் இது. ஆகவே இங்கே பெய்யும் மழை மூன்று வெவ்வேறு பக்கங்களுக்கு ஓடுகிறது.

குளுவாங் நகரின் நடுவே ஓடும் மெங்கிபோல் ஆறு, செம்புரோங் ஆற்றோடு சேர்ந்து, எண்டாவ் ஆற்றின் வழியாகக் கிழக்கே தென்சீனக் கடலை அடைகிறது. காஹாங், பாலோ ஆறுகளும் எண்டாவ் படுகையைச் சேர்ந்தவைதான். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஓடும் பெனுட் ஆறு எதிர்த்திசையில், பொந்தியான் மாவட்டத்தின் பெனுட் ஊரைத் தாண்டி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மாவட்டத்தின் தெற்குப் பக்கத்து நீர் சாயோங் ஆற்றின் வழியாக ஜொகூர் ஆற்றுக்குப் போகிறது. ஜொகூர் பாருவும் சிங்கப்பூரும் நம்பியிருக்கும் ஆறு அது. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்கலாம்.

குளுவாங் நீரின் தரம் குளுவாங்கோடு முடிகிற விஷயமன்று என்பது இதனால் விளங்கும். இங்கே கால்வாயில் ஊற்றுவது பத்து பகாட், பொந்தியான், மெர்சிங், கோத்தா திங்கி என அடுத்தடுத்த மாவட்டங்களுக்கும் போய்ச் சேரும். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் சாயோங் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வந்த அம்மோனியாவால் ஜொகூர் ஆற்றங்கரை ஆலைகள் நிறுத்தப்பட்டன. சிங்கப்பூர் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஜொகூர் ஆற்று ஆலையும் அப்போது தற்காலிகமாக மூடப்பட்டது.

தோட்டத்துக் கழிவிலிருந்து தொடங்கிய சட்டம்

நாட்டின் அடிப்படைச் சட்டம் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம். அதை நடைமுறைப்படுத்த 1975-இல் ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. அதுவே பின்னர் இன்று மக்கள் 'ஜாஸ்' என்று அழைக்கும் சுற்றுச்சூழல் துறையாக வளர்ந்தது. ஆறுகளின் தரத்தை முறையாகக் கண்காணிக்கும் பணி 1978-இல் தொடங்கியது.

அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்கள் எவை என்பது தோட்டப் பின்னணி கொண்ட தமிழர்களுக்கு வியப்பைத் தராது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிமுறைகள் 1977-இலும், ரப்பர் ஆலைகளுக்கான விதிமுறைகள் 1978-இலும் வந்தன. அந்தக் காலத்தில் ஆறுகளைக் கெடுத்ததில் இவ்விரு தொழில்களின் கழிவுநீருக்குப் பெரும் பங்கு இருந்தது.

செம்பனை ஆலையிலிருந்து வெளிவரும் பழுப்பு நிறக் கழிவுநீரில் நச்சு வேதிப்பொருள் அதிகம் இல்லை. ஆனால் எண்ணெயும் பழத்தின் சக்கையும் கலந்திருப்பதால், ஆற்றில் கலந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். அந்த வேலைக்கு அவை நீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். இப்படி நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவைத்தான் 'உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை', சுருக்கமாக பி.ஓ.டி., என்கிறார்கள். சுத்திகரிக்கப்படாத செம்பனைக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கான உச்சவரம்பு முதலில் 5,000 என்று வைக்கப்பட்டது. பின்னர் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984-இல் 100-க்கு வந்தது. ஆலைகளின் பக்கத்தில் இன்று காணப்படும் வரிசை வரிசையான குளங்கள் இந்த வரம்பை எட்டுவதற்காக ஏற்பட்டவையே.

2009-இல் தொழிற்சாலைக் கழிவுநீர், சாக்கடைக் கழிவுநீர், குப்பை கொட்டுமிடக் கசிவுநீர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விதிமுறைகள் வந்தன. தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 'ஏ', 'பி' என இரண்டு தரங்கள் உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே, அதாவது ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் தொழிற்சாலை கடுமையான 'ஏ' தரத்தைப் பின்பற்ற வேண்டும். கீழே இருப்பவற்றிற்கு 'பி' போதும். நீரில் கலந்து நிற்கும் துகள்களுக்கு 'ஏ' தரத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம், 'பி' தரத்தில் 100 மில்லிகிராம் வரம்பு.

ஆற்றுக்கு ஆறு அளவுகள்

ஓர் ஆறு தூய்மையாக இருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய முடியாது. மழைக்குப் பிறகு செம்மண் கலங்கி ஓடும் ஆறு குடிநீருக்கு ஏற்றதாக இருக்கலாம். கண்ணாடிபோல் தெளிந்த நீரில் அம்மோனியா மிகுந்திருக்கலாம். அதனால் சுற்றுச்சூழல் துறை ஆறு அளவுகளை எடுத்து, அவற்றைச் சேர்த்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. இதுதான் நீர்த் தரக் குறியீடு.

முதலாவது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். மொத்த மதிப்பெண்ணில் 22 விழுக்காடு இதற்கு உரியது. இரண்டாவது, மேலே சொன்ன பி.ஓ.டி.; அதற்கு 19 விழுக்காடு. மூன்றாவது, நுண்ணுயிர்களால் தின்ன முடியாத கழிவையும் சேர்த்துக் கணக்கிடும் வேதியியல் ஆக்சிஜன் தேவை, 16 விழுக்காடு. நான்காவது, நீரில் கலந்து நிற்கும் துகள்கள்; அதற்கும் 16. ஐந்தாவது, அம்மோனியா நைட்ரஜன், 15. ஆறாவது, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு, 12.

மதிப்பெண் 81-க்கு மேல் இருந்தால் அந்த ஆறு தூய்மையானது. 60 முதல் 80 வரை சிறிது மாசுபட்டது. 59-உம் அதற்குக் கீழும் மாசுபட்டது. 2022-இல் நாடு முழுவதும் கண்காணிக்கப்பட்ட 672 ஆறுகளில் 72 விழுக்காடு தூய்மையானவை என்றும், 24 விழுக்காடு சிறிது மாசுபட்டவை என்றும், 4 விழுக்காடு மாசுபட்டவை என்றும் வகைப்படுத்தப்பட்டன.

இந்த ஆறு அளவுகளில் சிலவற்றை ஆற்றங்கரையிலேயே கருவியை நீரில் விட்டு எடுத்துவிடலாம். கரைந்துள்ள ஆக்சிஜனும் பிஎச் அளவும் அப்படிப்பட்டவை. மற்றவற்றிற்கு நீரைப் புட்டியில் பிடித்து, பனிக்கட்டியில் குளிர வைத்து, ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுபோக வேண்டும். அதிலும் பி.ஓ.டி. சோதனைக்கு நீரை 20 பாகை வெப்பநிலையில் 5 நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். நள்ளிரவில் யாரோ கழிவைத் திறந்துவிட்டால், அது விடிவதற்குள் நீர் எடுக்கும் இடத்தைத் தாண்டியிருக்கும். ஐந்து நாள் கழித்து வரும் முடிவு அந்த இரவைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பிட்ட நாள்களில் மட்டும் மாதிரி எடுக்கும் முறை ஆற்றின் நீண்டகால உடல்நிலையைக் காட்டும்; திடீர்க் காய்ச்சலைக் காட்டாது. அதனால்தான் முக்கிய ஆறுகளில் தானியங்கி நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. சுத்திகரிப்பு ஆலைகளும் தாங்கள் எடுக்கும் ஆற்று நீரைத் தாங்களே சோதித்துக்கொண்டிருக்கின்றன.

உண்துறை எது, குளிதுறை எது?

நீர்நிலைகளைப் பயனுக்கு ஏற்பப் பிரித்துப் பெயரிடும் பழக்கம் தமிழில் நெடுங்காலமாக உண்டு. குடிப்பதற்கென்று ஒதுக்கிய குளம் ஊருணி. ஆற்றிலும் குளத்திலும் குடிநீர் முகக்கும் இடம் உண்துறை. அங்கே யாரும் துணி துவைப்பதில்லை, மாடு கழுவுவதில்லை. குளிக்க வேறு துறை, விலங்குகளுக்கு வேறு துறை.

மலேசியாவின் தேசிய நீர்த் தர நிர்ணயமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. முதல் வகுப்பு நீர், இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டியது. அதற்குச் சுத்திகரிப்பு ஏறத்தாழத் தேவையே இல்லை. இரண்டு-ஏ வகுப்பு, வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்கலாம். இரண்டு-பி, குளிக்கவும் நீந்தவும் ஏற்றது. மூன்றாம் வகுப்பு நீரைக் குடிநீராக்க வேண்டுமானால் கூடுதல் சுத்திகரிப்பு தேவை. நான்காம் வகுப்பு நீர்ப்பாசனத்திற்கு மட்டும். ஐந்தாம் வகுப்பு எதற்கும் உதவாது.

அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்புக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், இரண்டாம் வகுப்புக்கு 0.3, மூன்றாம் வகுப்புக்கு 0.9, நான்காம் வகுப்புக்கு 2.7 என்பது வரம்பு. அதற்கு மேல் போனால் ஐந்தாம் வகுப்பு. சுத்திகரிப்பு ஆலைக்குள் வரும் ஆற்று நீரில் அம்மோனியா 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சுகாதார அமைச்சின் அளவுகோல்.

அம்மோனியா ஏன் ஆலையை நிறுத்துகிறது?

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அம்மோனியா புதிதன்று. சேகரித்த ரப்பர் பால் கட்டியாகிவிடாமல் இருக்க அதில் அம்மோனியா ஊற்றுவார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியை மறக்க முடியாது. ஆற்றில் சேரும் அம்மோனியா பல வழிகளில் வருகிறது: மனிதக் கழிவு, கால்நடைக் கழிவு, உரம், அழுகும் குப்பை, ஆலைக் கழிவுநீர்.

இது ஆலையை நிறுத்துவதற்குக் காரணம் குளோரின். கிருமிகளைக் கொல்ல ஆலைகள் நீரில் குளோரின் சேர்க்கின்றன. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் கிருமிகளிடம் போவதற்கு முன் அம்மோனியாவோடு சேர்ந்துவிடும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரின் வேண்டியிருக்கும். அம்மோனியா கொஞ்சமாக இருந்தால் சமாளிக்கலாம். கூடிக்கொண்டே போனால் எவ்வளவு குளோரின் ஊற்றியும் கிருமி செத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீரில் நெடியும் சுவை மாற்றமும் வரும். அந்த நிலையில் ஆலையை இயக்கிக் கிருமி உள்ள நீரை அனுப்புவதைவிட, ஆலையை நிறுத்துவதே பாதுகாப்பு.

ஆகவே, ஆலை மூடப்படும் நாளில் கண்காணிப்பு தோற்றுவிட்டது என்று சொல்வது முழு உண்மையன்று. கண்காணிப்பு வேலை செய்ததால்தான் கெட்ட நீர் வீட்டுக்கு வரவில்லை. தோற்றது பாதுகாப்பு.

சிம்பாங் ரெங்கத்தில் அந்தத் தோல்வியின் மூலம் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த குப்பை கொட்டுமிடம் என்று சுட்டிக்காட்டப்பட்டது. மலைபோல் குவிந்த குப்பையில் மழை இறங்கும்போது, அழுகியவற்றின் சாறு கருப்பு நிறக் கசிவுநீராக அடியில் வழியும். அதில் அம்மோனியாவின் அளவு சாதாரண வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு அதிகம். முறையாக அமைத்த இடத்தில் தரைக்கு விரிப்புப் போட்டு, கசிவுநீரைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரிப்பார்கள். அப்படிச் செய்யத் தவறினால் அது மண்ணிலும் ஓடையிலும் இறங்கி ஆற்றைச் சேரும். கோடையில் ஆற்றில் நீர் குறைவு. கலந்து நீர்த்துப்போக வழியில்லை. பெருமழையில் கசிவு அதிகம். இரண்டு பக்கமும் ஆபத்துதான்.

மக்களின் தொடர்ந்த முறையீடுகளுக்குப் பிறகு 2019-இல் அந்தக் குப்பை கொட்டுமிடத்தை மூடுவதென்று முடிவானது. ஆனால் ஒரு குப்பை மேட்டை மூடுவது கதவைச் சாத்துவது போன்றதன்று. புதிய குப்பை வராவிட்டாலும், உள்ளே இருப்பது பல ஆண்டுகளுக்கு அழுகிக்கொண்டும் கசிந்துகொண்டும் இருக்கும். மூடிய இடத்தையும் கண்காணிக்க வேண்டும்.

சராசரி மறைக்கும் உண்மை

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது நல்லது. நீர்த் தரக் குறியீட்டில் அம்மோனியாவின் பங்கு 15 விழுக்காடு. அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தொட்டுவிட்டால் அந்தப் பாடத்தில் மதிப்பெண் சுழியம். மற்ற ஐந்து பாடங்களிலும் ஓர் ஆறு 90 மதிப்பெண் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 76.5 வரும். அட்டவணையில் அந்த ஆறு 'சிறிது மாசுபட்டது' என்றுதான் இருக்கும். ஆனால் அந்த நீரில் உள்ள அம்மோனியா, ஆலைக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

மேலும், கிருமிகளும் கன உலோகங்களும் இந்த ஆறு அளவுகளில் வருவதில்லை. அவை தனியாகச் சோதிக்கப்படுகின்றன. அதனால் 'நம் ஆறு எந்த நிறத்தில் இருக்கிறது' என்று மட்டும் கேட்காமல், 'எந்த அளவில் தவறியது, அந்த இடத்திற்குக் கீழே குடிநீர் எடுக்கிறார்களா' என்றும் கேட்க வேண்டும்.

பச்சை நிற அணை

குளுவாங்கிற்கும் ஆயர் ஹீத்தாமிற்கும் இடையில் உள்ள செம்புரோங் அணை, 1980-களில் மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்டது. பிறகு அதுவே குடிநீருக்கும் மூலமானது. இங்கே சிக்கல் வேறு வகை. அணையைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து மழையோடு வழியும் உரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு. தேங்கி நிற்கும் நீரில் அவை பாசிக்கு உணவாகின்றன. பாசி பெருகினால் நீர் பச்சையாகும். அது செத்து அழுகும்போது ஆக்சிஜன் குறையும். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் நச்சுப் பொருளையும் வெளியிடக்கூடியவை. பத்து பகாட்டில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த அணையின் நீரைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்துள்ளார்கள்.

இது செம்புரோங்கிற்கு மட்டும் உரிய நோயன்று. தேசிய நீரியல் ஆய்வுக் கழகமான நஹ்ரிம் 2005-இல் நாட்டின் 90 ஏரி, அணைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 62 விழுக்காடு இப்படி ஊட்டம் மிகுந்து கெட்ட நிலையில் இருப்பதாகத் தெரியவந்தது.

தொழிற்சாலைக் குழாயை அடைக்கலாம். ஆயிரக்கணக்கான ஏக்கரிலிருந்து மழையோடு வருவதை எந்தக் குழாயில் அடைப்பது? அதற்கு ஒரு வழி கரையோரத்தை விட்டுவைப்பது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியின்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றின் கரையில் 50 மீட்டர் நிலத்தை ஒதுக்க வேண்டும். 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்குக்கூட 5 மீட்டர் வேண்டும். அந்த நிலத்தில் வளரும் புல்லும் மரமும் உரத்தையும் மண்ணையும் வடிகட்டிவிடும்.

ஓர் ஆற்றுக்கு எத்தனை காவலர்?

கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் ஆறும் மாநிலத்தின் பொறுப்பு. நீர் விநியோகம் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு மாநிலத்திற்கும் கூட்டரசுக்கும் பொதுவானது. சுற்றுச்சூழல் சட்டமோ கூட்டரசுக்கு உரியது. இதனால் ஒரே ஆற்றைப் பல கைகள் பார்த்துக்கொள்கின்றன.

கழிவுநீரை விடும் தொழிற்சாலையைக் கண்காணிப்பதும் ஆற்றை அளப்பதும் சுற்றுச்சூழல் துறை. ஆற்றின் கரையும் வெள்ளமும் வடிகால் நீர்ப்பாசனத் துறை. ஆற்றிலிருந்து நீர் எடுக்க அனுமதி வழங்குவது மாநிலத்தின் நீர் ஒழுங்குமுறை அமைப்பான பாகாஜ். நீரைச் சுத்திகரித்து வீட்டுக்கு அனுப்புவது ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. அந்த நிறுவனத்தையும் சாக்கடைச் சேவையையும் மேற்பார்ப்பது தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான். குடிநீரின் தரத்தை 1983 முதல் தனித் திட்டத்தின்கீழ் சோதித்து வருவது சுகாதார அமைச்சு. குப்பை மேலாண்மை எஸ்.டபிள்யூ.கோர்ப். கடைகளுக்கும் உணவகங்களுக்கும் உரிமம் தருவது ஊராட்சி மன்றம். குளுவாங் மாவட்டத்திலேயே குளுவாங் நகராண்மைக் கழகம், சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றம் என இரண்டு உண்டு.

ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி தெளிவாக இருக்கிறது. எல்லைக்கோட்டில் நடப்பதுதான் கவனம் தப்புகிறது. குப்பை நிலத்தில் கிடக்கும்போது அது குப்பைப் பிரச்சினை. கசிந்து ஓடைக்கு வந்ததும் சுற்றுச்சூழல் பிரச்சினை. ஆற்றில் சேர்ந்ததும் மாநிலப் பிரச்சினை. ஆலைக்கு வந்ததும் நீர் நிறுவனத்தின் பிரச்சினை. கடைசியில் வாளியோடு நிற்கும் குடும்பத்திற்கு அது ஒரே பிரச்சினைதான். சிம்பாங் ரெங்கம் கற்றுத்தந்த பாடம் இது: அம்மோனியாவை அளந்தவரிடம் குப்பை மேட்டை மூடும் அதிகாரம் இல்லை.

அபராதம் கூடியது

2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்ட சம்பவத்தை ஜொகூர் மக்கள் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பழைய அபராதங்கள் மிகக் குறைவு என்ற குரல் அதற்குப் பிறகு வலுத்தது. அதுவரை உள்நாட்டு நீரை மாசுபடுத்துவதற்கு உச்ச அபராதம் 1 லட்சம் ரிங்கிட். ஒரு நிறுவனத்திற்குக் கழிவை முறையாக அகற்றும் செலவே அதைவிட அதிகமாக இருக்கலாம்.

2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் கடும் குற்றங்களுக்கான அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியது. இதைத் தவிர, 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் 121-ஆம் பிரிவும் உண்டு. நீர் ஆதாரத்தை மாசுபடுத்தி மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 10 ஆண்டு வரை சிறை விதிக்க அது இடம் தருகிறது.

ஆனால் அபராதம் விதிக்கக் குற்றவாளி வேண்டும். குற்றவாளியைப் பிடிக்கச் சான்று வேண்டும். ஓடும் நீரில் சான்று நிற்காது. இந்த இடத்தில்தான் மக்களின் கண் தேவைப்படுகிறது.

மக்கள் செய்யக்கூடியவை

ஆற்றிலோ கால்வாயிலோ திடீரென நிறம் மாறினால், நுரை மிதந்தால், மீன்கள் செத்து மிதந்தால், கடும் நெடி வந்தால், உடனே சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 என்ற கட்டணமில்லா எண்ணுக்குத் தெரிவிக்கலாம். புகாரில் மூன்று விவரங்கள் முக்கியம்: சரியான இடம், நேரம், நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது. பாலத்தின் பெயரையோ சாலையின் பெயரையோ சேர்த்துச் சொன்னால் அதிகாரிகள் விரைந்து வர முடியும். தூரத்திலிருந்து படம் எடுத்து வைப்பது நல்லது. நீரைத் தொடவோ முகர்ந்து பார்க்கவோ கூடாது. பிள்ளைகளையும் அருகில் விடக்கூடாது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நாளை அந்த நீர் அங்கே இருக்காது.

வீட்டிலும் சில உண்டு. சமைத்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாமல் புட்டியில் சேர்த்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். தனிக் கழிவுத் தொட்டி உள்ள வீடுகள், குறிப்பாகப் பழைய தாமான், கம்பத்து வீடுகள், குறித்த காலத்தில் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். நிரம்பி வழியும் தொட்டியின் நீர் நேராகக் கால்வாய்க்குப் போகிறது, அதுவும் அம்மோனியாதான். உணவகம் நடத்துபவர்கள் எண்ணெய் வடிகட்டும் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். விருந்து முடிந்த மண்டபத்தின் பின்புறக் கால்வாயும் ஏதோ ஓர் ஆற்றில்தான் முடிகிறது.

குளுவாங் நகரில் மெங்கிபோல் பாலத்தைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடக்கிறார்கள். அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. எண்டாவ் வரை போகிறது. வழியில் அதை நம்பி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு மேலே இருப்பவர் ஆற்றைக் காக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நமக்குக் கீழே இருப்பவர் அதையே நம்மிடம் எதிர்பார்க்கிறார்.